செமினாரா, ஸ்லைடு செஷனா? பேத்தாலஜி பிஜிக்கு எது கைகொடுக்கிறது

எம்.டி. பேத்தாலஜி, அதாவது திசுவையும் செல்லையும் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் துறையின் பிஜி படிப்பு, மூன்று வருடம். தீசிஸ், கிராசிங் (அறுவையில் எடுத்த திசுவைப் பார்த்து வெட்டி ஸ்லைடுக்குத் தயாராக்குவது), சைட்டாலஜி (தனிச் செல்களைப் பார்ப்பது), ரத்தவியல் பிரிவு, ரிப்போர்ட் வேலை எல்லாம் போக வகுப்புக்கென்று மிஞ்சுவது வாரத்தில் சில மணி நேரம்தான். செமினார், ஸ்லைடு செஷன் (திசு வைத்த கண்ணாடி ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வகுப்பு), ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரையை அலசுவது), சி.பி.சி. (ஒரு கேஸை மற்ற துறை மருத்துவர்களோடு சேர்ந்து அலசும் கூட்டம்) என்று நான்கும் அட்டவணையில் இருக்கும். வேலை குவிந்தால் முதலில் ரத்தாவது, நான் பார்த்தவரை, ஸ்லைடு செஷன்தான். செமினார் மட்டும் எப்படியாவது நடந்துவிடும். இது தலைகீழாக இருக்க வேண்டும்.

செமினாரில் பேசுகிறவருக்கு நல்ல பலன் உண்டு. இரண்டு வாரம் உட்கார்ந்து லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வகைப்பாட்டைத் தயார் செய்தவருக்கு அது எளிதில் மறக்காது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கணைத்த அறையில் கேட்கிற மற்ற எட்டுப் பேருக்கு? பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் திரையில் ஓடுகிறது.

ஸ்லைடு செஷன் வேறு மாதிரி. முந்தைய நாளே ஸ்லைடுகள் மேஜைக்கு வந்துவிடும். கூடவே நோயாளியின் வயதும் திசு எடுத்த இடமும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்து டயக்னோசிஸை எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் எல்லாரும், பல பேர் ஒரே ஸ்லைடை ஒன்றாகப் பார்க்கக்கூடிய மல்டிஹெட் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி உட்கார்வோம்.

முதல் வருடத்தில் எனக்கு வந்தது 24 வயதுக்காரரின் கழுத்து நெறிக்கட்டி. லோ பவரிலேயே கிரானுலோமாக்கள் (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சுகள்) தெரிந்தன. நம் ஊரில் கழுத்துக் கட்டியில் கிரானுலோமா என்றால் மனம் நேராக டி.பி.க்குத்தான் போகும். அதையே எழுதினேன். மறுநாள் சார் பச்சை அம்புக்குறியைக் கிரானுலோமாவிலிருந்து மெதுவாக நகர்த்தினார். வழியெல்லாம் இயோசினோஃபில்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்). அம்பு ஒரு பெரிய செல்லில் நின்றது. இரண்டு நியூக்ளியஸ், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு நியூக்ளியோலஸ், ஆந்தை முழிப்பது போல. ஹாட்ஜ்கின் லிம்போமா. "கிரானுலோமாவைப் பார்த்ததும் ஏம்மா நிறுத்திட்டே?" என்று மட்டும் கேட்டார்.

ஹாட்ஜ்கினிலும் கிரானுலோமா வரலாம் என்று அதற்கு முன் ஒரு செமினாரில் கேட்டிருந்தேன். கேட்டது ஸ்லைடு முன்னால் உட்கார்ந்தபோது உதவவில்லை. என் கையெழுத்தில் தப்பாக எழுதிய அந்தத் தாள்தான் இன்றும் ஒவ்வொரு நெறிக்கட்டியிலும் கிரானுலோமாவைத் தாண்டிப் போய்ப் பார்க்க வைக்கிறது.

ஸ்லைடு செஷனும் கெட்டுப்போகும். ஆசிரியர் வைத்தவுடன் விடையைச் சொல்லிவிட்டால் அது இன்னொரு லெக்சர். சீனியர் ஒருவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஜூனியர்கள் அவர் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அதனால்தான் எழுதிக் கொடுப்பதை விடவே கூடாது என்கிறேன்.

ஸ்கேன் செய்த டிஜிட்டல் ஸ்லைடு போதாதா என்று கேட்பார்கள். 2017-ல் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., பிலிப்ஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் ஸ்லைடு அமைப்பை நேரடியாக டயக்னோசிஸ் சொல்லவே அனுமதித்தது. இரவு விடுதியில் உட்கார்ந்தும் பார்க்கலாம், பழைய அரிய கேஸ்களைச் சேமித்தும் வைக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஒரே தளத்தில் ஸ்கேன் செய்வதால், சைட்டாலஜியில் தடித்த செல் கூட்டத்தை ஃபோகஸ் ஏற்றி இறக்கிப் பார்க்க முடியாது. கண்ணாடி ஸ்லைடை மேலிருந்து கீழ்வரை விடாமல் ஓட்டிப் பார்க்கும் பழக்கமும் மவுஸில் வராது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜர்னல் கிளப் மாதம் ஒன்று போதும். சி.பி.சி.யை நான் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பேன். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் வளர்த்தெடுத்த முறை அது. நம் ரிப்போர்ட்டை நம்பிக் கத்தியெடுக்கிற சர்ஜன் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற இடம். கிளினிக்கல் அட்டாப்ஸி (இறந்த நோயாளியின் உடலை நோயை அறிய ஆராய்வது) குறைந்துபோனதால் அதற்குக் கேஸ் கிடைப்பதுதான் கஷ்டம்.

அட்டவணை என் கையில் இருந்தால் வாரம் இரண்டு ஸ்லைடு செஷன். செமினாருக்கு 20 நிமிடம், அதுவும் அந்த வாரத்து ஸ்லைடுகளை ஒட்டியே. மைக்ரோஸ்கோப் விளக்கைப் போடுவதற்கு முன் எல்லாருடைய தாளும் மேஜைக்கு வந்திருக்க வேண்டும், ஆசிரியருடையதும் சேர்த்து.