வெப்சைட் படத்துக்கு நோட்டீஸ்: செய்து கொடுத்தவர் கைவிரித்தார், பணம் கட்டியது நாங்கள்

வெளியே ஆள் வைத்து வெப்சைட் செய்துகொள்ளும் சிறு வியாபாரிகள் தயவுசெய்து இதைப் படியுங்கள். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்ற காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் அது தளத்தின் சொந்தக்காரருக்குத்தான் வரும், செய்து கொடுத்தவருக்கு அல்ல.

நாங்கள் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் எங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தது. படங்களுக்கு என்று பில்லில் தனியாக 6,000 ரூபாய் போட்டிருந்தார்கள். நான் கேட்டதற்கு, "எல்லாம் காசு கொடுத்து வாங்கின படமுங்க அக்கா" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு வெளிநாட்டு ஏஜென்சியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நிலக்கடலைக் குவியல் படம் தங்கள் வாடிக்கையாளருடையது, லைசென்ஸ் இல்லாமல் போட்டிருக்கிறீர்கள், 14 நாளுக்குள் 62,000 ரூபாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழக்கு என்றார்கள். எங்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் தேதியோடு இருந்தது.

செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "படத்தத் தூக்கிட்டனுங்க அக்கா, இனி ஒண்ணும் ஆகாது. வெளிநாட்டுக்காரன் இங்க வந்தா கேஸ் போடப் போறான்?" என்றார். இரண்டுமே தவறு. எடுத்துவிட்டால் இனிமேல் போட்டதாக ஆகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே போட்டிருந்தது போட்டிருந்ததுதான். இந்தியாவில் இதற்கு மூன்று வருஷம் வரை சிவில் வழக்கு போடலாம். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேச காப்பிரைட் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளின் படைப்புகளுக்கு நம் 1957 காப்பிரைட் சட்டத்தின் பாதுகாப்பு இங்கேயும் உண்டு. பில்லைக் காட்டி, பணத்தை நீங்கள்தான் தர வேண்டும் என்றதும் அவர் பேச்சு மாறியது. "அது ஃப்ரீ படமுங்க" என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

ஒரு படம் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் டின்ஐ (TinEye) தளத்தில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடினேன். காசுக்கு விற்கும் தளத்தில்தான் இருந்தது. சரி, உண்மையிலேயே இலவசப் படம் என்றாலும் கவனம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் பொது லைசென்ஸ். அதில் வரும் படத்துக்கு எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த லைசென்ஸின் பழைய பதிப்புகளில் அனுமதி அப்போதே முடிந்துவிடும். 2013இல் வந்த 4.0 பதிப்பில்தான் தவறு தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி திரும்பக் கிடைக்கும். இதை வைத்தே பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஈரோட்டில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். பயந்து பணமும் கட்டாதீர்கள், பேசாமலும் இருக்காதீர்கள், போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், முதலில் ஆதாரம் கேளுங்கள் என்றார். படத்தை எடுத்தவர் யார், அவர் இந்த ஏஜென்சிக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறாரா, அதே படத்தின் வழக்கமான லைசென்ஸ் விலை என்ன, 62,000 என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதினோம். இங்கே வழக்கு போடும் உரிமை படத்தின் சொந்தக்காரருக்கோ, தனக்கு மட்டுமே என்று உரிமம் பெற்றவருக்கோதான் உண்டு. வசூல் செய்து தரும் ஏஜென்சிக்குத் தானாக வராது. ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர்கள் மீது காப்பிரைட் சட்டத்தின் 60ஆம் பிரிவில் நாமே நீதிமன்றம் போகலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கேட்கத் தயங்காதீர்கள். அமெரிக்காவில் கரோல் ஹைஸ்மித் என்ற புகைப்படக்காரர் தன் படங்களை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அந்நாட்டு நூலகத்துக்குக் கொடுத்தவர். அவர் எடுத்த படத்தை அவருடைய சொந்த அமைப்பின் வெப்சைட்டில் போட்டதற்கே 120 டாலர் கேட்டு நோட்டீஸ் வந்தது. 2016இல் அவர் வழக்குப் போட்டார்.

எங்கள் விஷயத்தில் அவர்கள் ஆதாரம் காட்டினார்கள். படம் எடுத்தவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதமும் வந்தது. அவருக்குச் சேர வேண்டிய காசை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் விற்பனைத் தளத்தில் அந்தப் படத்தின் விலை சில ஆயிரம்தான். அதன் ஸ்கிரீன்ஷாட்டையும், படத்துக்கு நாங்கள் பணம் கொடுத்த பில்லையும் வைத்துப் பேசினோம். பல கடிதங்களுக்குப் பிறகு 14,000 ரூபாயில் முடிந்தது. இந்தப் படம் சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் பணம் அனுப்பினோம்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக இன்னொரு மிரட்டல் வந்தது. "என் படங்களைத் திருடிவிட்டீர்கள், ஆதாரம் இந்த லிங்க்கில்" என்று மட்டும் இருந்தது. எந்தப் படம், எந்தப் பக்கம் என்ற விவரமே இல்லை. தொடவே தொடாதீர்கள். லிங்க்கைத் திறந்தால் கம்ப்யூட்டரில் வைரஸ் இறங்கும் மோசடி இது. 2021லேயே மைக்ரோசாஃப்ட் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பயந்து போயிருக்கிறவர்கள் உடனே திறந்துவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

தளத்தில் மீதியிருந்த படங்களையும் தேடிப் பார்த்தோம். பாதிக்கு மேல் அதே கதை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எங்கள் செக்கையும் களத்தையும் நாங்களே படம் பிடித்துப் போட்டோம். நீங்கள் வெளியிலிருந்து படம் வாங்கச் சொன்னால், லைசென்ஸ் ரசீது உங்கள் கடைப் பெயரில் வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். படத்தால் பிரச்சினை வந்தால் செலவு வெப்சைட் செய்து கொடுப்பவருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

அந்த கோயம்புத்தூர் நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வியாபாரத்துக்கு வாங்கியது என்றாலும், பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிற நாங்களும் நுகர்வோர்தான் என்பது எங்கள் வாதம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. 6,000 ரூபாய், நாங்கள் கட்டிய 14,000, வழக்கறிஞர் செலவு மூன்றையும் கேட்டிருக்கிறோம். வழக்கு நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் பில்லையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் புகார் அந்த இரண்டை நம்பித்தான் நிற்கிறது.