மீன் தொட்டி ஃபில்டருக்குள் என்ன நிரப்பலாம்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது சிமெண்ட் தொட்டி. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். நிரம்பினால் ஏறக்குறைய 4,200 லிட்டர் பிடிக்கும். கோய் கெண்டையும் தங்கமீனும் கலந்து வளர்கின்றன. கோவை புறநகர், போர் தண்ணீர். தொட்டிக்கு வெளியே 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை ஃபில்டராக மாற்றி வைத்திருக்கிறேன். மோட்டார் தண்ணீரை டிரம்மின் அடிக்குத் தள்ளும். அது மேலேறி, வாய்ப்பக்கக் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும்.

ஃபில்டருக்குள் போடவென்றே கடையில் கிடைக்கும் செராமிக் வளையம், பயோ பால் என்ற பிளாஸ்டிக் பந்து, கே1 என்ற சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் சின்ன மீன்தொட்டிக்கு அரைக்கிலோ வாங்குவது வேறு, ஒரு டிரம்மை நிரப்புவது வேறு. டிரம், மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து ஆகும் செலவை உள்ளே போடும் பொருளே தாண்டிவிடும். அதனால் மலிவாகக் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக நிரப்பி, ஒவ்வொன்றையும் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது டிரம்மில் இருப்பது நிழல்வலையும், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும். இனி மாற்றப்போவதில்லை.

ஃபில்டரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மீன் கழிவு, மிச்சத் தீனி, உதிர்ந்த இலை இவற்றைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவை மாற்றுவது இன்னொன்று. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உரம். நம்மூர் போர் தண்ணீரில் பி.எச் (அமில-காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும். பி.எச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இப்படிப்பட்ட தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் இந்த இரண்டாவது வேலையை அலட்சியம் செய்யவே கூடாது.

இந்த பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமும் வேண்டும், ஆக்ஸிஜனும் வேண்டும். இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆக்ஸிஜனை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. 30 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பதே அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான். பொருளுக்குள் சேறு தங்கினால், அந்தச் சேற்றைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பொருளின் பரப்பளவு எவ்வளவு என்பதைவிட, அதில் சேறு எவ்வளவு தங்கும், தங்கியதை எவ்வளவு சுலபமாக எடுக்க முடியும் என்பதே எனக்கு முக்கியம்.

இந்தக் கணக்கில் ஜல்லி தோற்றுவிடுகிறது. முக்கால் இஞ்ச் ஜல்லி மிக மலிவு, பக்கத்தில் வீடு கட்டினால் சும்மாவே கிடைக்கும். கிரஷர் தூசி போகக் கழுவிப் போட்டால் தொடக்கத்தில் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். ஆனால் டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு ஜல்லி என்றால் கிட்டத்தட்ட இருநூறு கிலோ. யாரும் அதை அடிக்கடி வெளியே எடுத்துக் கழுவப்போவதில்லை. இடுக்குகளில் சேறு இறங்கி, தண்ணீர் தனக்கு வசதியான ஒன்றிரண்டு வழிகளில் மட்டும் ஓடத் தொடங்கும். மற்ற பகுதி காற்றில்லாமல் கறுத்துப்போகும். கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அந்த வாடைக்குரிய ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்குக் கொடிய விஷம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய ஜல்லியைக் கிளறாதீர்கள். வெள்ளைக் கூழாங்கல் போடுபவர்கள் முதலில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், பி.எச்சை இன்னும் ஏற்றும்.

செங்கல் துண்டு ஜல்லியைவிடப் பரவாயில்லை. எங்களிடம் இருந்தவை கோவைக்குப் பக்கத்துத் தடாகம் ஊர்ச் சூளைக் கல், நன்றாக வெந்தவை. தட்டினால் கணீரென்று சத்தம் வரும் கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். அரைவேக்காடு என்றால் கரைந்து சிவப்புச் சேறாகிவிடும். உடைந்த ஓட்டுக்கும் இதே கதைதான். நுண்துளைகள் நிறைய இருந்தாலும் அவை சீக்கிரம் அடைபட்டு வெளிப்பரப்பு மட்டும்தான் வேலை செய்கிறது. எடைத் தொல்லையும் அப்படியே.

தேங்காய் நார் வேண்டாம். தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், மெல்ல மக்கும், மக்கும்போது ஆக்ஸிஜனைத் தின்னும். அடுப்புக்கரியால் பெரிய பயனில்லை. சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், ஆனால் அம்மோனியாவை எடுக்காது. சில வாரங்களில் அதன் சக்தியும் தீர்ந்துவிடும். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் துண்டு அழுக்கை நன்றாகப் பிடிக்கிறது. அவ்வளவு நன்றாகப் பிடிப்பதாலேயே வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அடைக்கிறது. நாளடைவில் பொடிப்பொடியாக உதிர்ந்து மோட்டாருக்குள்ளும் போகிறது.

நிழல்வலைக்கு வருகிறேன். நர்சரிக்காரர்கள் பந்தல் போடும் அதே பச்சை வலை, 50 சதவீத நிழல் தருவது. விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வேலை முடிந்த இடத்தில் பழைய வலை கேட்டாலும் கிடைக்கும், ஆனால் பூச்சிமருந்து பட்ட வலையை எடுக்கக் கூடாது. இரண்டடி அகலக் கீற்றுகளாக வெட்டி, இறுக்காமல் சுருட்டி, செங்குத்தாக டிரம்மில் நிறுத்துகிறேன். பாலிஎத்திலீன் என்பதால் மக்காது. பெரிய அழுக்கு டிரம்மின் அடியில் படிந்துவிடும், அங்கே ஒரு வால்வு வைத்திருக்கிறேன். மிச்சத்தை வலை பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அடுக்கில் வெங்காய மூட்டை வலைப்பைகளில் பிளாஸ்டிக் நார் உருண்டைகள். சோப்பு சேர்த்தது, கம்பி நார் இரண்டும் வேண்டவே வேண்டாம். இந்த மேல் அடுக்குதான் பாக்டீரியாவின் வீடு. சில வருடமாகியும் நார் நைந்துபோகவில்லை. வலையின் வெட்டிய ஓரம் மட்டும் பிரிகிறது, தீக்குச்சியால் லேசாகச் சுட்டால் நிற்கும்.

கழுவும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் பிழிந்தால் பாக்டீரியாவும் போய்விடும். தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அலசுங்கள். வலையை மாதம் ஒருமுறையோ, திரும்பும் தண்ணீரின் வேகம் குறையும்போதோ அலசினால் போதும். மேலே இருக்கும் நாரை மிக அரிதாக, அதுவும் ஒரு தடவைக்கு ஒரு பை மட்டும். பளபளவென்று ஆக்க வேண்டாம், பழுப்பு நிறம் இருக்கட்டும். அலசிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிடுகிறேன்.

கரண்ட் சில மணி நேரம் போய் வந்தால், மோட்டார் போடுவதற்கு முன் அடி வால்வைத் திறந்து டிரம்மில் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். ஓட்டமில்லாத டிரம்முக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்திருக்கும், அந்தத் தண்ணீர் மீனிடம் போகக் கூடாது.

தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்பதற்காக நாரை மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதக்கும் பாசி வலையிலும் நாரிலும் நிற்கும் அளவுக்குப் பெரியதல்ல. அதற்கு நிழல் வேண்டும், அல்லது யு.வி. (புற ஊதா) விளக்கு. திரும்பும் தண்ணீர் விழும் இடத்தில் நான் வைத்த வெட்டிவேரும் கல்வாழையும் நைட்ரேட்டை உறிஞ்சிப் பாசிக்குப் போகும் உரத்தைக் குறைக்கின்றன. கல்வாழை அங்கே காடாக வளர்ந்திருக்கிறது.

புதிதாகத் தொட்டி கட்டுபவர்களுக்கு ஒன்று. எந்தப் பொருள் போட்டாலும் பாக்டீரியா பெருக மூன்று நான்கு வாரமாவது ஆகும். அதுவரை மீனும் தீனியும் குறைவாக இருக்கட்டும், அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். தெரிந்தவர்களிடம் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், ஒரு பை பழைய நாரைத் தண்ணீரோடு வாங்கி வந்து, காயவிடாமல் அன்றே உங்கள் டிரம்மில் போடுங்கள். காத்திருப்பு பாதியாகக் கூடக் குறையும். அந்தத் தொட்டியில் சமீபத்தில் மீன் செத்திருந்தாலோ, வெள்ளைப்புள்ளி நோய் வந்திருந்தாலோ அந்த நாரை வாங்காதீர்கள்.