பென்சீனா, டொலுவீனா: எலிகளிடம் எது மோசம்?

பென்சீன், டொலுவீன் இரண்டும் எளிதில் ஆவியாகும் ரசாயனத் திரவங்கள். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பென்சீன் வளையத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டினால் டொலுவீன், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிவது கல்லீரலில்.

பென்சீனில் நொதி தாக்குவதற்கு வளையத்தை விட்டால் வேறு இடமில்லை. அது பீனால், ஹைட்ரோகுயினோன் என்று மாறி எலும்பு மஜ்ஜையைப் பதம் பார்க்கிறது; ரத்த அணுக்கள் குறைகின்றன. பென்சீனை இப்படி மாற்றும் சி.ஒய்.பி.2இ1 என்ற நொதியே இல்லாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளோ பெரும்பாலும் தப்பிக்கின்றன! ஆக, நஞ்சைச் சமைப்பதே உடல்தான். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் எலி, சுண்டெலி இரண்டுக்குமே புற்றுநோய் வந்தது.

டொலுவீனில் நொதி மீத்தைலைப் பிடித்துக்கொள்கிறது. அது பென்சாயிக் அமிலமாகி, அப்புறம் ஹிப்பூரிக் அமிலமாகி, கடைசியில் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அதே திட்டத்தின் 1990 அறிக்கைப்படி, 1,200 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) வரை இரண்டு ஆண்டுகள் சுவாசித்த எலிகளிடம் புற்றுநோய்க்கான சான்று இல்லை.

சரி, அதற்காக டொலுவீனை நல்லபிள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதிக அளவில் அது மூளையை மந்தமாக்கும். எலிகளின் உட்காதிலுள்ள மயிர் செல்களை அழித்து, கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைக்கும். கினிப்பன்றிகளுக்கு மட்டும் அந்தக் காது பாதிப்பு அவ்வளவாக வருவதில்லை.