ரெட்மி ஏ5: யூனிசொக் சிப்பைக் கண்டு யார் பயப்பட வேண்டும்?

கொழும்பு லிபர்ட்டி பிளாசாவில் மலிவு விலைப் போன் ஒன்று கேட்டுப் பாருங்கள். கெமரா, பெட்டரி, திரையின் அளவு எல்லாம் மூச்சு விடாமல் சொல்வார்கள், உள்ளே என்ன சிப் என்று கேட்டால் மட்டும் "ஒக்டா கோர் அண்ணா, நல்ல ஸ்பீட்" என்பதோடு கதை முடிந்துவிடும். ரெட்மி ஏ5 வாங்கப் போன எனக்கும் அதே பதில்தான். உள்ளே இருப்பது சீனாவின் யூனிசொக் கம்பனி செய்யும் டி7250. அம்மாவுக்கென்று வாங்கிய போன்தான், ஆனால் அவரை விட நான்தான் அதிகம் நோண்டினேன். பெரிய சிப் கம்பனிகளான மீடியாடெக்குக்கும் குவால்கொமுக்கும் யூனிசொக் ஆப்பு வைக்கப் போகிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கும் ஆசை.

முதலில் அந்த ஒக்டா கோர், அதாவது சிப்பில் வேலை செய்யும் எட்டு கோர்கள். எட்டில் இரண்டுதான் கொஞ்சம் பலமான கோர்டெக்ஸ் ஏ75, மிச்ச ஆறும் சிக்கனமான ஏ55. ஏ75 என்பது, சிப் கம்பனிகளுக்கு வடிவமைப்பு விற்கும் ஆர்ம் நிறுவனம் 2017இல் வெளியிட்டது, சிப் தயாராவது 12 நனோமீற்றர் என்ற பழைய தயாரிப்பு முறையில். பழைய சரக்கு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இதற்கு ஒரு படி மேலே உள்ள ரெட்மி 14சியில் இருக்கும் மீடியாடெக் ஹீலியோ ஜி81ஐ எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே இரண்டு ஏ75, அதே ஆறு ஏ55, அதே 12 நனோமீற்றர். வேகத்தில் சின்ன வித்தியாசம், கிராஃபிக்ஸ் வேறு, அவ்வளவுதான். இந்த விலையில் எல்லாரும் ஒரே கடையில் அரிசி வாங்கித்தான் சமைக்கிறார்கள். அதனால் யூனிசொக் இவர்களை எட்டிப் பிடித்ததில் பெரிய அதிசயம் இல்லை.

வட்ஸ்அப் வீடியோ கோல், யூடியூப், பிக்மீ டாக்சிச் செயலி, வங்கிச் செயலி, இதெல்லாம் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. அம்மா கனடாவில் இருக்கும் மாமியோடு மணிக்கணக்காகக் கதைப்பதற்கு இது தாராளம். விளையாட்டு என்றால் வேறு கதை, மாலி ஜி57 கிராஃபிக்ஸில் ஒரே ஒரு கோர்தான், அதை வைத்துக்கொண்டு 120 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும்) திரை என்று பெட்டியில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் ஸ்க்ரோல் பண்ணுவதற்கு மட்டும் பயன்படுகிற விளம்பரம். வீடியோ பிடித்தால் 1080பி, நொடிக்கு 30 பிரேம், அதற்கு மேல் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 3 ஜிபி ரேமும் ஈஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பும் வைத்துக் கட்டிய எந்தப் போனும், சிப் யாருடையதாக இருந்தாலும், ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும். சிப்பில் மிச்சம் பிடிப்பவர்கள் மற்றதிலும் மிச்சம் பிடிப்பார்கள்.

யூனிசொக் நேற்று முளைத்த கம்பனி இல்லை. 2001இல் ஷங்காயில் ஸ்ப்ரெட்ரம் என்ற பெயரில் தொடங்கியது, 2013இல் சிங்ஹுவா யூனிகுரூப் வாங்கியது, 2018இல்தான் இந்தப் பெயர். சம்சுங்கே கலக்சி ஏ03இல் இவர்களின் டி606ஐயும் டெப் ஏ8இல் டி618ஐயும் போட்டது. சம்சுங் என்று நம்பி வாங்கிய எத்தனையோ பேரின் கையில் யூனிசொக்தான் இருந்தது, அவர்களுக்கே தெரியாது.

சரி, பயப்பட வேண்டியது யார்? குவால்கொம் இல்லை என்பது என் கணக்கு. அவர்களுக்குக் காசு வருவது விலை கூடிய போன்களிலிருந்து. அதோடு வேறு யாருடைய சிப் போட்ட போனாக இருந்தாலும் வலையமைப்புத் தொழில்நுட்பத்துக்கான காப்புரிமைக் கட்டணம் என்று ஒரு வருமானம் இருக்கிறது. ஆனாலும் 2024இல் 100 டொலருக்குக் குறைந்த 5ஜி போன்களுக்கென்றே ஸ்னப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்று ஒரு சிப்பை இறக்கினார்கள், ஆகவே கீழ்த்தட்டை முழுதாக விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனமில்லை. உண்மையில் அடி விழுவது மீடியாடெக்கின் கடைசிப் படியில். அவர்களுக்கு இது புரியாமல் இருக்காது, ஏனென்றால் அவர்களே வந்த வழி அது. 1997இல் தொடங்கி, சீடி, டிவிடி கருவிகளுக்குச் சிப் செய்து, பிறகு பெரிய ஸ்பீக்கரும் இரண்டு சிம்மும் உள்ள சைனா போன்களுக்குள் நுழைந்து, 2020இன் மூன்றாம் காலாண்டில் எண்ணிக்கையில் குவால்கொமையே முந்தியவர்கள். யூனிசொக்கும் அதே ஏணியில்தான் கால் வைத்திருக்கிறது, ஆனால் மலிவில் 4ஜி விற்பது முதல் படி, அடுத்த படிக்கு நல்ல 5ஜி சிப்பை எல்லாரும் கேட்டு வாங்கும் போனில் உட்கார வைக்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பாதுகாப்பு விஷயத்தையும் லேசாக விட முடியாது. 2022இல் செக் பொயின்ட் ஆய்வாளர்கள் யூனிசொக் சிப்பின் மோடமில் (வலையமைப்போடு பேசும் பகுதி) ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், ஆபத்து அளவு பத்துக்கு 9.4. கம்பனி ஏற்றுக்கொண்டு திருத்தம் கொடுத்தது. இப்படி ஓட்டைகள் மற்ற இரண்டு பேரின் சிப்பிலும் வருகின்றன, ஆனால் திருத்தம் உங்கள் கைக்கு வர வேண்டுமே, அது போன் கம்பனியின் தயவு. வங்கிச் செயலி போடுகிற போனில் அப்டேட் வருகிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

2024 ஜனவரியில் போனுக்கும் 18 சதவீத வற் வரி வந்த பிறகு கொழும்பில் இந்தத் தட்டுப் போன்களை ஏளனமாகப் பார்ப்பவர் குறைவு. வீட்டில் பெரியவருக்கு என்றால் ஏ5ஐ யோசிக்காமல் வாங்கலாம், ஆனால் 4 ஜிபி, 128 ஜிபி வகையை. மகன் ஃப்ரீ ஃபயர் விளையாடக் கேட்கிறான் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஜி81 போன் சில ஆயிரம் வித்தியாசத்தில் கிடைத்தால் சிப்புக்காக அதற்கு மாற வேண்டியதில்லை, ரேம் கூடினால் மட்டும் மாறுங்கள்.