டான் குயிக்ஸாட்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் ‘டான் குயிக்ஸாட்’ நாவலில் கற்பனையும் நிஜமும் மோதுவதைப் படிக்க எந்தப் பாகம் நல்லது? 1605-இல் வந்த முதல் பாகத்தில், வீரசாகசக் கதைகள் படித்துத் தன்னையே வீரனாக நினைத்துக்கொள்ளும் டான் குயிக்ஸாட்டை ஏமாற்றுவது பெரும்பாலும் அவர் கண்தான்: காற்றாலை அரக்கனாகிறது, சத்திரம் கோட்டையாகிறது. சிரிப்புக்குக் குறைவில்லை; ஆனால் சூத்திரம் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் எல்லாம் தலைகீழ். சத்திரம் அவருக்கே சத்திரமாகத்தான் தெரிகிறது. கழுதைமேல் வரும் கிராமத்துப் பெண்ணைக் காட்டி, இவர்தான் உங்கள் கற்பனைக் காதலி துல்சினேயா என்று அவருடைய பணியாள் சாஞ்சோ புளுகுகிறான். எசமானுக்கோ பூண்டு வாடைதான் மூக்கில் ஏறுகிறது! அப்புறம், முதல் பாகத்தைப் படித்துவிட்ட ஒரு டியூக் (பிரபு) தம்பதி, குயிக்ஸாட்டையும் சாஞ்சோவையும் கண்ணைக் கட்டி மரக்குதிரையில் ஏற்றி, துருத்தியால் காற்றடித்து, வானில் பறப்பதாக நம்பவைக்கிறார்கள். பைத்தியம் யார் என்ற கேள்வி இங்கேதான் சூடுபிடிக்கிறது. என் ஓட்டு இதற்கே. நேரமில்லாதவர்கள் முதல் பாகத்தில் காற்றாலை வரும் எட்டாம் அத்தியாயம் வரை படித்துவிட்டு இதற்குத் தாவலாம்.