புதுப்பேட்டையில் வாங்கிய மாருதி என்ஜினும் நான் பேனாவில் போட்ட வரைபடமும்

சென்னை புதுப்பேட்டையில் நான் பழைய என்ஜின் வாங்கிய கடைக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். மிச்சம் ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது பின்னால் வரும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். மதுராந்தகம் பக்கம் என் மைத்துனருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. காய் வெட்டும் நாளில் தேங்காயைக் களத்துக்குக் கொண்டுவர ஆளும் கிடைப்பதில்லை, டிராக்டர் வாடகையும் கட்டுப்படியாவதில்லை. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் பழைய கார் என்ஜின் என்று ஒரு வண்டியை நானே கட்டிவிடலாம் என்று தோன்றியது. பழைய பைக் என்ஜின் பூட்டிய மீன்பாடி வண்டிகளுக்கு ஒதுங்கி நின்றே வளர்ந்த சென்னைக்காரனுக்கு இதில் அதிசயம் என்ன? அதில் ஒரு சிலிண்டர், இதில் மூன்று. “தேங்காய் தூக்க முப்பத்தேழு குதிரையா?” என்று கேட்டாள் மனைவி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கடை புதுப்பேட்டையில், ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. வாசலில் சைலன்சர்கள் வாழைத்தார் போலத் தொங்குகின்றன. உள்ளே கார் கதவுகளை நூலகத்துப் புத்தகங்கள் மாதிரி நிறுத்தி அடுக்கியிருக்கிறார்கள். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நல்ல செருப்போடு போகாதீர்கள். உரிமையாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மாருதி 800தான் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். 1983 கடைசியில் வந்து 2014 தொடக்கம்வரை தயாரான வண்டி. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாலு கியர். பிற்பாடு வந்த, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் ஒன்றையும் பாய் காட்டினார். அதற்குக் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், முழு வயரிங் எல்லாம் அதே காரிலிருந்து குறையாமல் வர வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கம்ப்யூட்டர் இல்லாமலே கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர் என்ஜினுக்கு பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு ஒரு வயர் போதும், பெட்ரோல் பம்பையும் என்ஜினே ஓட்டிக்கொள்கிறது. தோப்பில் நின்றுபோனால் ஸ்பேனரோடு நான் உட்கார முடிகிற என்ஜின் அதுதான்.

சோதித்துப் பார்த்து வாங்க விடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கடையின் முதல் சிறப்பு. ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பார்த்தேன். பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது, பெரும்பாலும் என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெட் தகடு போயிருக்கும். அங்கிருந்த இரண்டு கார்புரேட்டர் என்ஜின்களிலும் அது இல்லை. பிறகு மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, நான் கொண்டுபோன, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு ஓட்டையிலும் மாட்ட, கடைப் பையன் பேட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினான். முதல் என்ஜினில் 165, 160, 110 பி.எஸ்.ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுழற்றச் சொன்னேன். முள் 145க்கு ஏறியது. ஆயில் விட்டால் ஏறுகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் நின்றால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். பாய் மறுக்கவில்லை. “அதை விடுங்கள் சார், இதைப் பாருங்கள்” என்று அடுத்ததைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் 160, 165, 155. அதை எடுத்துக்கொண்டேன்.

விலை பேசுவதற்கு முன் பாய், “எதில் பூட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார். பெருமையோடு வரைபடத்தை விரித்தேன். அளவெல்லாம் மில்லிமீட்டரில், கறுப்புப் பேனாவில் போட்டது. என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால், பின்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தது. வெளிநாடுகளில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ஜினை வைத்து இப்படி மூன்று சக்கர வண்டிகள் கட்டுவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து என் கை அப்படியே போயிருந்தது.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து, என்ஜினோடு இருந்த ஆக்சிலின் முனையில் சக்கரம் மாட்டும் வலப்பக்க ஹப்பில் கோடு போட்டார். இடப்பக்க ஹப்பைப் பையன் காலால் மிதித்துக்கொண்டான். முதல் கியரைப் போட்டு, என்ஜினைக் கையால் சுழற்ற கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டி மெல்லத் திருகினார். காரில் இருப்பது போல நான் முன்பக்கம் பார்த்து நின்றபோது கோடு மேலேறி முன்பக்கமாகச் சாய்ந்தது. “இப்போது இந்தப் பக்கம் வந்து, உங்கள் படத்தில் இருக்கிற மாதிரி நில்லுங்கள்” என்றார். நின்றேன். அதே கோடு என் முதுகுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. “நாலு கியரில் பின்னால் போகலாம் சார், முன்னால் போக ரிவர்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். பையன் சிரித்துவிட்டான். சிரிக்கட்டும். முப்பத்திரண்டு வருட லேத்காரன் செய்த தப்புக்கு அந்தச் சிரிப்பு குறைவுதான்.

ஆக, காரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்து, அச்சுக்கு முன்னால், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் என்ஜின் வர வேண்டும். இதில் எனக்கு லாபமும் உண்டு. பாரம் முன்னால் நகர்வதால் வரப்பு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்காது. நஷ்டமும் உண்டு. கியர் ராடு பின்பக்கமாக வெளிவருகிறது, நானோ முன்னால் உட்கார்ந்திருப்பேன். அதை வளைத்து முன்னே கொண்டுவர இரண்டு இணைப்பு கடைய வேண்டும்.

என்ஜினை மட்டும் வாங்க வேண்டாம், செட்டாக எடுங்கள் என்று சொன்னவரும் பாய்தான். கியர் பாக்ஸ், இரண்டு ஆக்சில், டிஸ்க்கும் காலிப்பரும் மாட்டிய ஹப்புகள், லோயர் ஆர்ம், சஸ்பென்ஷன், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒரே காரிலிருந்து. ஸ்டெபிலைசர் பார் எதற்கு என்று கழித்துவிடப் பார்த்தேன். மாருதியில் லோயர் ஆர்ம் முன்பின் அசையாமல் பிடித்துக்கொள்வதே அதுதான் என்று காட்டினார். ஸ்டியரிங் ராடு மாட்டும் காதுகளை மட்டும் நான் சட்டத்தோடு இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பும். 24,000 சொன்னார், 19,500க்கு முடிந்தது. ஃபேனோடு ரேடியேட்டர் தனியாக 1,200. என்ஜின் எண்ணை எழுதிய பில்லும், பழைய காரின் ஆர்.சி. நகலும் கேட்டேன், கொடுத்தார். இந்த இரண்டும் இல்லாமல் எந்தக் கடையிலும் என்ஜினைத் தொடாதீர்கள். திருட்டு வண்டி என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி அந்த ஒரு மதிப்பெண். பட்டறைப் பழக்கத்தில், நான் பணம் கொடுத்த பொருளில் எல்லாம், இரும்பில் குழி குத்தும் கூரான சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். மறுநாள் சின்ன யானை என்கிற குட்டி லாரியில் சாமான் வந்து இறங்கியது. கார்புரேட்டரில் புள்ளி இல்லை. பளபளவென்று துடைத்த, சோக் கம்பி அறுந்த வேறொரு கார்புரேட்டர். திரும்பப் போனேன். பாய் பையனை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நிமிடத்தில் புள்ளி வைத்தது வந்துவிட்டது. வாக்குவாதம் இல்லை, மன்னிப்பும் இல்லை, டீ மட்டும் வந்தது. போய்வந்த அரை நாளை யார் தருவார்கள்? மின்சாரச் சாமான்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் பணம் வாங்கிய பிறகுதான் சொல்கிறார்கள்.

சாலையில் ஓட்டுவதற்காக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் செய்த அமைப்பிலிருந்து பொதுவாக மாற்ற விடுவதில்லை; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. புல்லட்டில் இரண்டு சக்கரம் சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்க முடியாது. என் வண்டி தோப்பு வேலியைத் தாண்டாது.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் இன்னும் வாங்கவில்லை. நல்ல புல்லட் ஃபோர்க் வந்தால் போன் செய்வதாகப் பாய் சொல்லியிருக்கிறார். அவரிடமே வாங்குவேன், சென்டர் பஞ்சும் சுத்தியலும் பையில் இருக்கும். புது வரைபடம் பென்சிலில்தான்.