அரசு ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு: ஒரு தாய்மாமனின் மதிப்புரை

புதுவயலில் உள்ள அரிசி ஆலை ஒன்றில் என் அத்தான் பாய்லர் பார்க்கும் வேலையில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், அறுவடைக் காலத்தில், அந்த ஆலையின் பாய்லர் குழாயொன்று கசியத் தொடங்கியது. சுற்று வட்டாரத்தில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாய்லரின் அழுத்தம் தாங்கும் பாகங்களில் கை வைக்க இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், 1950-இன்கீழ் சான்று பெற்ற வெல்டர்தான் வேண்டும் என்பதால், திருச்சியிலிருந்து ஒருவர் வந்து சேரும்வரை இரண்டு நாள் தொட்டியில் நெல் ஊறிக்கொண்டே கிடந்தது. வந்தவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். அரை நாள் வேலைக்கு அவர் வாங்கிய கூலி, அத்தானின் அரை மாதச் சம்பளம். அன்று பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக் காட்டிய என் அக்காள் மகன், கல்லூரிக்குப் போகப் போவதில்லை என்று வீட்டில் அறிவித்தது அதற்கு மறுவாரம்.

அவன் 2021-இல் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் வெல்டர் பிரிவில் சேர்ந்தான். விண்ணப்பம் போட்டதிலிருந்து இன்று அவன் வாங்கும் சம்பளம் வரை உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பயிற்சியை ஒரு சேவையாகக் கருதி இதை எழுதுகிறேன். எங்கள் செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதால், எந்த நிலையம் என்று ஊகிக்க முயல வேண்டாம். நான் சொல்லும் குறைகள் ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு மூன்றரை.

செலவைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமே இல்லை. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. வருகைப் பதிவு சரியாக இருந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், விலையில்லா மிதிவண்டி, சீருடை, மூடுகாலணி, பாடப்புத்தகங்கள், பேருந்து அட்டை ஆகியவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கிடைக்கிறது. மருமகன் படித்தபோது இரண்டாவது திட்டம் வந்திருக்கவில்லை. அதை இன்றும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறான்.

வெல்டர் பிரிவு ஓராண்டுதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாடத்திட்டத்தைப் படித்தால் மலைப்பாக இருக்கும்: கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங், ராடு எனும் உருகும் கம்பியை வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங், சி.ஓ.டூ, ஆர்கான் ஆகிய வாயுக்களைக் கொண்டு செய்யும் வெல்டிங் என்று எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதுதான் மதிப்புரைக்கு உரிய செய்தி. ஆர்க் வெல்டிங் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள். அவனுக்கு வாய்த்த பயிற்றுநர் முதல் ஒரு மாதம் தட்டையான தகட்டில் நேர்கோடு இழுப்பதைத் தவிர வேறெதையும் செய்ய விடவில்லை, பையன்கள் சலித்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாதம்தான் கையின் நடுக்கத்தைப் போக்கியது என்பது பிற்பாடு புரிந்தது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் தூங்காமல் கிடந்த அனுபவமும் அவனுக்கு ஒரு முறை உண்டு. மறுமுறை அது நேரவில்லை.

குறை எங்கே என்றால், ராடு எண்ணிக் கொடுக்கப்படுவதில். வெல்டிங் என்பது ராடு எரிக்க எரிக்க வரும் வித்தை. ஒரு நாளைக்குச் சில ராடுகள்தான் என்று அளந்து கொடுத்தால், பாடம் முடியும், கை முடியாது. ஆர்கான் இயந்திரமோ அவன் படித்த ஆண்டில் பெரும்பாலும் காட்சிப் பொருளாக இருந்தது, ஏனெனில் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வர வாரங்கள் பிடித்தன. நல்ல சம்பளம் தரும் குழாய் வெல்டிங்குக்கு அடிப்படையே அந்த ஆர்கான்தான் என்பதை நினைத்தால், இது சின்னக் குறை அல்ல. ஐந்தில் ஒன்றரை மதிப்பெண்ணை நான் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுவே.

ஆகவே, ஐ.டி.ஐ. முடித்த கையோடு கை நிறையச் சம்பளம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சேர்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் பையன்கள் கடைநிலையான பெட்டியடியில்தான் தொடங்கினார்கள்; பெட்டியடிப் பையன் உதவியாளான அடுத்தாளாகி, அடுத்தாள் கடைப் பொறுப்பேற்கும் மேலாளாவதற்குப் பல ஆண்டுக் கணக்குகள் முடிய வேண்டும். பட்டம் எதுவும் அங்கே கேட்கப்படவில்லை, ஆனால் படியைத் தாண்டிக் குதிக்கவும் யாரையும் விடவில்லை. ஐ.டி.ஐ. தரும் தேசியத் தொழிற்சான்றிதழ், பெட்டியடியில் உட்கார ஓர் இடம்.

அடுத்த படி அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். திருச்சி பெல் கொதிகலன் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்றவை அறிவிப்பு வெளியிட்டு எடுக்கின்றன. மருமகன் அவற்றில் இடம் கிடைக்காமல், துவாக்குடிப் பக்கம் உள்ள ஒரு தனியார் பட்டறையில் ஓராண்டு இருந்தான். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அவனுக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய். தங்கவும் சாப்பிடவும் அது சரியாகப் போயிற்று. ஆனால் ஐ.டி.ஐ.யில் ஓராண்டில் எரித்த ராடுகளை அங்கே ஒரு மாதத்தில் எரித்ததாகச் சொன்னான். அக்காள் மனம் கலங்கி, "இதுக்குத்தானாடா படிச்சே?" என்று அழுததும் அந்த ஆண்டில்தான்.

மூன்றாவது படி 6ஜி எனப்படும் தேர்வு. 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயை, அதைத் திருப்பாமல், வெல்டர் தானே சுற்றி வந்து தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பற்றவைக்க வேண்டும். உள்ளே முதல் அடுக்கான ரூட் பெரும்பாலும் ஆர்கானிலும், மேலடுக்குகள் ராடிலும் போடப்படும். பின் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகள் கூட்டமாக இருந்தாலும் படம் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கென்றே அவன் மூன்று மாதம் தனியார் மையமொன்றில் 45,000 ரூபாய் கட்டிப் பழகினான். முதல் முறை தோற்று, இரண்டாம் முறை 2024-இல் தேறினான். இன்று குஜராத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் கட்டுமானப் பணியில், ஓவர்டைம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்க்குக் குறையாமல் அனுப்பும் நிலையில் இருக்கிறான். அவனோடு பள்ளியில் படித்துப் பொறியியல் முடித்த இருவர் இன்னும் 15,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பதை அவன் சொல்ல மாட்டான்; அக்காள் சொல்லாமல் விடமாட்டாள்.

சேர்வதற்குமுன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: இந்தச் சான்று நிலப்பத்திரம் போலப் பெட்டியில் பூட்டி வைக்கக்கூடியதன்று. பெரிய திட்டப் பணிகளில் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஆஸ்மி) நெறிமுறையின் ஒன்பதாம் பிரிவின்படி, ஒரு முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்யாமல் இருந்தால், அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். ஊருக்கு வந்து திருவிழா, கல்யாணம் என்று நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இது பெரிய இடி.

வேலை தேடித் தரும் தனியார் முகவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் ஐ.டி.ஐ. வாசலிலேயே அவர்களின் துண்டறிக்கைகள் பறக்கின்றன. சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்து, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, போவது நம் பக்கத்தில் இரண்டு தலைமுறைப் பழக்கம். நம்பிக்கையான இடம் என்று பலர் சொன்ன ஒரு முகவரிடம் நாங்களும் போனோம். ஒன்றரை லட்சம் கேட்டார், ரசீது தர மாட்டேன் என்றார். குடிபெயர்வு விதிகளின்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதாவது 35,400 ரூபாய். இதை நான் எடுத்துச் சொன்னதும், அவர் எங்களை உட்காரச் சொன்ன நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முகவரின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். நாங்கள் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்தோம்.

இப்போது அவன் தங்கை, என் மருமகளின் முறை. அவளுக்கு வெல்டர் வேண்டாம், எலக்ட்ரீஷியன்தான் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆர்க் வெளிச்சத்துக்கு அஞ்சி அல்ல. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அந்த வழி ஓராண்டு வெல்டருக்குத் திறக்காது. அண்ணன்காரன் குஜராத்திலிருந்து தொலைபேசியில் எதிர்க்கிறான். கலந்தாய்வுக்கு முன் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அவள் இதுவரை இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் எலக்ட்ரீஷியனை முதலாவதாகவும் வெல்டரை இரண்டாவதாகவும் போட்டு வைத்திருக்கிறாள்.